ஒன்பது ஆட்டம் ஜெயித்த கோச்சை நெப்ராஸ்கா ஏன் அனுப்பியது?

கேள்வி இது: நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் கோச் ஃபிராங்க் சோலிச் 2003-ல் 9 ஆட்டம் ஜெயித்தார், 3-ல்தான் தோற்றார். ஆனாலும் வேலையை விட்டு நீக்கினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ரசிகர்கள் ஏன் இதற்காகச் சண்டை போடுகிறார்கள்? நீக்கியது சரிதானா? கோச்சை மாற்றச் சொல்கிறவரை விசுவாசமான ரசிகர் என்று சொல்ல முடியுமா?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சோலிச்சுக்கு இன்னும் ஒரு வருடமாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அணி அப்புறம் சரிந்ததற்கு அந்த நீக்கத்தை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அடுத்து யார் என்று தெரியாமலேயே நீக்கினார்கள். கடைசியில் வந்தவர், பல வருடமாக ஊறிப்போயிருந்த ஆட்டமுறையை ஒரே மூச்சில் தூக்கிப் போட்டார். பெரிய சேதம் இந்த இரண்டிலும்தான் நடந்தது. ரசிகர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால் வாதம் முடிவதே இல்லை.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 20 லட்சம் மக்கள். சோளமும் மாடும் நிறைந்த சமவெளி. அங்கே என்எஃப்எல் (தொழில்முறைக் கால்பந்து லீக்) அணி கிடையாது, பெரிய கூடைப்பந்து அணியோ பேஸ்பால் அணியோ கிடையாது. இருப்பது லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக அணி மட்டும்தான். ஹஸ்கர்ஸ் என்பார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அரங்கத்தில் கூடும் 85,000-க்கும் மேற்பட்ட கூட்டத்தை ஒரு ஊராகக் கணக்கிட்டால், ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான். 1962 நவம்பரிலிருந்து அங்கே டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டமே இல்லை. 2024-ல் அந்த எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது.

ஒமாஹாவில் நான் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை செய்த ஒரு பெரியவரிடம் இரண்டு சீசன் டிக்கெட் இருந்தன. அவருடைய அப்பா வாங்கியவை. வீடு, நிலம் மாதிரி டிக்கெட்டையும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிற ஊர் அது. முதல் தடவை என்னை அழைத்துப்போனபோது, ஆட்டம் முடிந்ததும் நான் கிளம்பப் பார்த்தேன், அவர் உட்காரச் சொன்னார். எதிரணி ஆட்டக்காரர்கள் சுரங்கப்பாதை நோக்கி நடந்துபோக, மேலே இருந்த சிவப்புச் சட்டை போட்ட நெப்ராஸ்கா ரசிகர்கள் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டினார்கள். இது பழைய வழக்கம். 1980-ல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி லிங்கனுக்கு வந்து 18-14 என்று நெப்ராஸ்காவை வீழ்த்திவிட்டுப் போனபோதும் இப்படித்தான் தட்டினார்கள். அந்த அணியின் கோச் பாபி பௌடன் நெகிழ்ந்துபோய் நெப்ராஸ்கா ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக் கடிதமே எழுதினார். தங்களைத் தோற்கடித்தவனுக்குக் கைதட்டும் அதே கூட்டம்தான் தன் சொந்த கோச் விஷயத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது.

அந்தப் பிளவு புரிய வேண்டுமானால் 1962-க்குப் போக வேண்டும். அந்த வருடம் கோச்சாக வந்த பாப் டெவேனி 1970, 1971 என்று இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். தன் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் அணியை ஒப்படைத்தார். ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை இருபத்தைந்து சீசன் ஆண்டார்: 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. ஒரு வருடம்கூட 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. 1994, 1995, 1997 மூன்றிலும் தேசியப் பட்டம். கடைசி ஐந்து வருடத்தில் 60 ஆட்டம் ஜெயித்து மூன்றே மூன்றில் தோற்றார்.

போகும்போது ஆஸ்போர்ன் கைகாட்டிய ஆள்தான் சோலிச். வெளியாள் இல்லை. அறுபதுகளில் டெவேனியின் கீழ், பந்தோடு நேரே முட்டி ஓடும் ஃபுல்பேக்காக ஆடியவர். அந்த இடத்துக்குப் பார்த்தால் சின்ன உருவம், ஆனால் 1965-ல் ஏர் ஃபோர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 204 கஜம் ஓடினார். லிங்கனில் பள்ளி அணிக்குக் கோச்சாக இருந்து மாநிலப் பட்டம் வாங்கினார். 1979 முதல் ஆஸ்போர்னுக்கு உதவியாளர். டெவேனி, ஆஸ்போர்ன், சோலிச் என்று 41 வருடம் ஒரே கையிலிருந்து அடுத்த கைக்குப் போன அணி அது.

அவர்களுடைய ஆட்டமுறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பின்னால் வந்த கோபத்தில் பாதி அதைப் பற்றியது. ஆப்ஷன் என்பார்கள். பந்து கைக்கு வந்ததும், ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் அதை முன்னால் பாயும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை எடுக்க மாட்டார். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அவர் ஃபுல்பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அங்கே இன்னொருவர் குறுக்கே வந்தால், பக்கவாட்டில் சில கஜம் தள்ளி ஓடிவரும் ஐ-பேக் என்ற இன்னொரு ஓட்டக்காரரிடம் எறிந்துவிடுவார். முடிவு எல்லாம் ஓரிரு நொடியில், ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும். இதற்குத் தேவை, நீளமாகப் பந்து எறியும் நட்சத்திரம் அல்ல. வரிசையில் நின்று எதிராளியை நெட்டித் தள்ளும் பலசாலிகளும், ஒரே அசைவை ஆயிரம் தடவை பழகும் பொறுமையும் போதும். மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பண்ணைக் குடும்பத்துப் பையன்கள் உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் வந்து சேர்வார்கள். வாக்-ஆன் என்று பெயர். மூன்று, நான்கு வருடம் உடம்பை வளர்த்து, கடைசி வருடத்தில் களத்தில் இறங்குவார்கள். ஆக ஊருக்கும் அணிக்கும் நடுவில் இருந்த பாலமே அந்த ஆட்டமுறைதான்.

சரி, சோலிச் காலத்துக்கு வருவோம். 1998 முதல் 2003 வரை 58 வெற்றி, 19 தோல்வி. 1999-ல் 12-1, பிக் 12 என்ற தன் வட்டாரக் கூட்டமைப்பின் பட்டம். 2001-ல் குவாட்டர்பேக் எரிக் கிரவுச், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார், அணி தேசியப் பட்ட ஆட்டம் வரை போனது. இதை மட்டும் படித்தால் நீக்கியவர்களுக்குப் பைத்தியமா என்றுதான் தோன்றும்.

எதிர்த்தரப்பு சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 2001 நவம்பரில் கொலராடோ 62-36 என்று நெப்ராஸ்காவை நொறுக்கியது. அப்படியும் கணினித் தரவரிசைப் புண்ணியத்தில் பட்ட ஆட்டத்துக்குப் போய், மயாமியிடம் 37-14 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் 7-7. ஆஸ்போர்ன் காலத்துக்கும் முன்னாலிருந்து வந்த ‘வருடத்துக்குக் குறைந்தது 9 வெற்றி’ என்ற வரிசை அறுந்தது. 2003-ல் தோற்றது மூன்றே ஆட்டம், ஆனால் மிசூரியிடம் 41-24, டெக்சஸிடம் 31-7, சொந்த மண்ணில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 38-9. மூன்றுமே இழுபறி கிடையாது. கொலராடோ அடித்த நாளிலிருந்து கணக்கெடுத்தால் சோலிச்சின் கணக்கு 16-12. டெக்சஸும் ஓக்லஹோமாவும் நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. 2002 கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநராக வந்த ஸ்டீவ் பெடர்சன், அணி நடுத்தரமாகிப் போவதை வேடிக்கை பார்க்க மாட்டேன் என்ற தோரணையில் பேசினார். அவரும் நெப்ராஸ்காக்காரர்தான். அவர் கண்ட ஆபத்து கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2002-க்கு அப்புறம் சோலிச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பல வருடம் கூட இருந்த உதவியாளர்களை மாற்றினார், அந்த மாதிரி ஊரில் அது எளிதான வேலை இல்லை. தடுப்பாட்டத்துக்கு போ பெலினி என்ற இளைஞரைக் கொண்டுவந்தார். பலன் தெரிந்தது, 7 வெற்றி 9 ஆனது. நவம்பர் 28-ல் கொலராடோவை அவர்கள் ஊரிலேயே 31-22 என்று ஜெயித்துவிட்டு வந்தார். மறுநாள் இரவு வேலை போனது. மருந்து கொடுத்து, ஜுரம் இறங்க ஆரம்பித்த பிறகு வைத்தியரை விரட்டிவிட்டதைப் போன்ற காரியம் இது. பெலினி தற்காலிகப் பொறுப்பில், சீசன் முடிந்தபின் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான அலமோ பௌலில் மிச்சிகன் ஸ்டேட்டை 17-3 என்று வீழ்த்தினார். ரசிகர்கள் ‘போ வேண்டும்’ என்று கோஷம் போட்டார்கள். அவருக்கும் வேலை கொடுக்கவில்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். அடுத்த கோச்சைத் தேட ஏறக்குறைய 40 நாள் ஆனது. மற்ற அணிகள் பள்ளிப் பையன்களின் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் காலம் அது, நெப்ராஸ்காவுக்குத் தலையே இல்லை. 2004 ஜனவரியில் வந்தவர் பில் கேலஹன், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியை என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனவர். என்எஃப்எல் பாணியில் பந்தெறியும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஆப்ஷனுக்காகச் சேர்த்த பையன்கள் ஒரே வசந்தகாலத்தில் புதுப் பாடம் படிக்க வேண்டியதாயிற்று. 2004-ல் டெக்சஸ் டெக் 70-10 என்று அடித்தது. சீசன் 5-6 என்று முடிந்தது. 1961-க்கு அப்புறம் தோல்விகள் அதிகமான முதல் சீசன். 35 வருடம் விடாமல் ஆடிவந்த பௌல் ஆட்டமும் கைவிட்டுப் போனது. 2006-ல் கொஞ்சம் தலைதூக்கினார்கள். 2007 நவம்பரில் கன்சாஸ் 76 புள்ளி அடித்தது. அதற்கு முன்பே, அக்டோபரில் பெடர்சனையே நீக்கி, அவருடைய இடத்துக்கு ஆஸ்போர்னைக் கூப்பிட்டார்கள். சீசன் முடிந்ததும் கேலஹனும் போனார்.

பழைய பாதையை விட்டு விலகியதால் வந்த சாபம் என்று சோலிச் ஆதரவாளர்கள் இதைச் சொல்வார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் மனசு, ஆனால் இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. கேலஹன் தோற்றார் என்பதால் சோலிச் ஜெயித்திருப்பார் என்று ஆகிவிடாது. உதவித்தொகை எண்ணிக்கைக்குத் தேசிய அளவில் 85 என்று தொண்ணூறுகளிலேயே வரம்பு வந்திருந்தது. முன்பு சில அணிகள் மட்டுமே தொலைக்காட்சியில் வரும், நெப்ராஸ்கா அதில் ஒன்று. இப்போது எல்லோரும் வருகிறார்கள், டெக்சஸ் பையன் சோளக்காட்டுக்கு வரக் காரணம் குறைந்துவிட்டது. இவையெல்லாம் சோலிச் இருந்தாலும் நடந்திருக்கும். அவர் இருந்திருந்தால் சரிவு மெதுவாக இருந்திருக்கும், அணி தன் முகத்தை இழந்திருக்காது. அதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் திறமை பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. 2005 முதல் 2020 வரை ஒஹாயோ பல்கலைக்கழகம் என்ற சின்ன இடத்தில் 115 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். 2023 வசந்தகால ஆட்டத்துக்கு நெப்ராஸ்கா அவரை அழைத்து மரியாதை செய்தது, அடுத்த வருடம் கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. இருபது வருடம் தாமதமானாலும் அந்த அழைப்பு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இனி விசுவாசம் பற்றிய கேள்வி. ‘நீக்கு’ என்றவர்களையும் ‘வைத்திரு’ என்றவர்களையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இரண்டு பேருமே டிக்கெட்டை விட்டுக்கொடுத்ததில்லை, இரண்டு பேருமே ஆஸ்போர்ன் பெயரைச் சொல்லித்தான் வாதாடுவார்கள். ஒருவருக்கு ஆஸ்போர்ன் என்றால் 60-3, அந்தத் தரத்தைக் காப்பாற்றாதவர் யாராக இருந்தாலும் போக வேண்டும். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் இந்தப் பேச்சு அதிகம். இன்னொருவருக்கு ஆஸ்போர்ன் என்றால் பொறுமை. ஓக்லஹோமாவிடம் அவர் தன் முதல் ஐந்து வருடமும் தொடர்ந்து தோற்றார், 1978-ல்தான் ஜெயித்தார். ஊர் பேச்சு தாங்காமல் அந்த வருடம் கொலராடோ வேலைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தார். விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டெவேனி அவரைக் கைவிடவில்லை. முதல் தேசியப் பட்டம் வந்தது 22-வது சீசனில். பெடர்சனின் அளவுகோல் அன்றைக்கு இருந்திருந்தால் அந்தப் பட்டங்கள் எதுவும் வந்திருக்காது. பழைய ரசிகர்கள் இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பிடம் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆக, கோச்சை மாற்றச் சொல்கிறவரும் விசுவாசிதான். ஆனால் அந்த ஊர் விசுவாசத்தால் ஒரு சங்கடமும் உண்டு. வேறு ஊரில் ஜனங்களுக்கு அதிருப்தி என்றால் இருக்கைகள் காலியாகும், நிர்வாகத்துக்குச் சேதி போய்விடும். நெப்ராஸ்காவில் அணி எப்படி ஆடினாலும் அரங்கம் நிரம்பும். அதனால் ஊர் மனசு என்ன என்பது நன்கொடையாளர்களின் குரல் வழியாகவும் வானொலிப் பேச்சு வழியாகவும்தான் மேலே போகிறது. சத்தம் போடாதவர்களின் பொறுமை கணக்கில் வருவதே இல்லை.

இந்தக் கதை 2003-ஓடு நிற்காமல் போனதும் சண்டை ஓயாததற்கு ஒரு காரணம். 2008-ல் திரும்பி வந்த பெலினி ஏழு சீசன் இருந்தார், ஒவ்வொன்றிலும் குறைந்தது 9 வெற்றி. 2014-ல் அவரையும் 9-3 கணக்கோடு நீக்கினார்கள். பார்ப்பதற்கு அதே சோலிச் கதை, ஆனால் நான் இரண்டையும் ஒன்றாக எடைபோட மாட்டேன். பெலினி ஒரு கூட்டமைப்புப் பட்டம்கூட வாங்கவில்லை. விஸ்கான்சினிடம் 2012 பட்ட ஆட்டத்தில் 70-31, 2014-ல் 59-24 என்று சிதறினார். சொந்த ரசிகர்களையே கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவும் 2013-ல் வெளியாகியிருந்தது. அவர் இடத்துக்கு வந்த மைக் ரைலி மூன்று வருடத்தில் 19-19.

அப்புறம் ஸ்காட் ஃபிராஸ்ட். வுட் ரிவர் என்ற சிற்றூர்ப் பையன், 1997 பட்ட அணியின் குவாட்டர்பேக். 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியைத் தோல்வியே இல்லாமல் நடத்தியவர். 2018-ல் வந்தபோது இரண்டு தரப்பும் ஒன்றாகக் கொண்டாடின, வம்சம் திரும்பிவிட்டது என்று. வந்ததோ 16 வெற்றி, 31 தோல்வி. 2021-ல் ஒன்பது ஆட்டம் தோற்றார், ஒன்பதிலும் வித்தியாசம் ஒற்றை இலக்கம்தான். 2022 முதல் ஆட்டம் டப்ளினில். நார்த்வெஸ்டர்னை விட 28-17 என்று முன்னால் இருக்கும்போது, யாரும் எதிர்பாராத விதமாகக் குட்டையாகப் பந்தை உதைத்துத் தாங்களே கைப்பற்றப் பார்க்கும் ஆன்சைட் கிக்கை ஆடச் சொன்னார். பந்து எதிரணி கைக்குப் போனது, 31-28 என்று தோற்றார்கள். இரண்டு வாரம் கழித்துச் சொந்த மண்ணில் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்ன அணியிடம் 45-42. மறுநாள் நீக்கம்.

அந்த நீக்கத்தில் பணக்கணக்கைக் கவனியுங்கள். ஒப்பந்தம் முடியும் முன் அனுப்பினால் கோச்சுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை பைஅவுட் என்பார்கள். ஃபிராஸ்டுக்கு அது 1.5 கோடி டாலர். அக்டோபர் 1 வரை, அதாவது மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாதிதான். அப்போதைய இயக்குநர் டிரெவ் ஆல்பர்ட்ஸ் பொறுக்கவில்லை. அவரும் பழைய ஹஸ்கர் ஆட்டக்காரர். 75 லட்சம் டாலர் வீண் என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. போகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோச்சின் கீழ், பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பையன்களை மூன்று வாரம் ஆட வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிற இடங்களில் இந்தத் தொகை எங்கேயோ போய்விட்டது. 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் ஒத்துக்கொண்டது.

ஆக மூன்று நீக்கத்தில் ஃபிராஸ்டுடையது நியாயம், பெலினியுடையதில் இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு, சோலிச்சுடையது தவறு. ஆல்பர்ட்ஸ் அடுத்த ஆளைப் பிடித்த விதத்தையும் கேள்வி கேட்டவர் பார்க்க வேண்டும். செப்டம்பரிலேயே இடம் காலியானதால் இரண்டு மாதத்துக்கு மேல் நிதானமாகத் தேட முடிந்தது, சீசன் முடிந்த கையோடு நவம்பர் கடைசியிலேயே மேட் ரூலை எட்டு வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார், ஆள் சேர்க்கும் காலம் வீணாகவில்லை. ரூலின் முதல் சீசன் 5-7. அப்போதும் ‘மாற்று’ என்ற குரல்கள் கேட்டன. மாற்றவில்லை. 2024-ல் 7-6 எடுத்து, பாஸ்டன் கல்லூரியை 20-15 என்று ஜெயித்தார்கள். 2016-க்கு அப்புறம் நெப்ராஸ்கா ஆடிய முதல் பௌல் ஆட்டம் அது.